பயிற்றுவோர் பணி: ஒரு மகளிர் உதைபந்தாட்ட அணியை முன்வைத்து

கல்லூரிச் சஞ்சிகைகளில் வெளிவரும் விளையாட்டணிப் படங்களை உற்று நோக்குவார்க்கு ஒன்று புலனாகும். நடுவே கேடயத்தோடு அணித்தலைவர் அமர்ந்திருப்பார். அவருக்கு இரு மருங்கும் அதிபரும் பொறுப்பாசிரியரும் பயிற்றுநரும் இருப்பர். பின்னே கைகட்டியபடி வீரர் நிற்பர். பக்கத்தில் வரும் அறிக்கையோ ஆட்டங்களின் முடிவுகளை நிரைப்படுத்திக் கூறியபின், பயிற்றுவித்த ஆசிரியருக்கு மனமார்ந்த நன்றி உரித்தாகுக என்னும் ஒரே வாக்கியத்தோடு நிறைவெய்தும். அவ்வாசிரியர் என்ன செய்தார், எவ்வாறு செய்தார் என்பன பற்றி அங்கு ஒரு சொல்லும் இராது. விழா மலர்கள் பல கண்ட பழைய மாணவர் இதனை மறுக்கமாட்டார். ஆதலின் இம்மலரிலே பயிற்றுவோர் பணியைப் பற்றிச் சிறிது விரித்தெழுதத் துணிந்தோம்.

நாம் எடுத்துக்காட்டாகக் கொள்வது எமது தீவின் அணி ஒன்றையன்று. ஐக்கிய அமெரிக்காவின் வட கறோலைனா மாநிலத்திலே, சப்பல் ஹில் என்னும் நகரிலுள்ள பல்கலைக்கழகத்தின் மகளிர் உதைபந்தாட்ட அணியையே கொண்டோம். அத்துணை தூரம் போவானேன் என்று சிலர் வினவக்கூடும். எமது பாடசாலைகளிலே பயிற்றுவிக்கும் பணி முழுவதும் பெரும்பாலும் ஒருவர் தலையிலேயே விழுகின்றது. காலையிற் கணிதம் கற்பிப்பவரே மாலையில் விசிலோடு மைதானத்துக்கு வருவார். பந்துக்குக் காற்றடிப்பவரும் அவரே. காயத்துக்கு மருந்திடுபவரும் அவரே. இடைவேளைக்குத் தேசிக்காய் வாங்க ஆளனுப்புபவரும், பஸ் வண்டிக்காரரோடு கூலி பேசுபவரும் அவரே. எல்லாம் ஒருவரிடத்துத் திரண்டிருக்கும்போது ஒவ்வொன்றும் எத்தகைய பணி என்பது தெரிவதில்லை. அமெரிக்கப் பல்கலைக்கழகங்களிலோ அப்பணி பகுத்துப் பகுத்துப் பலரிடம் ஒப்படைக்கப்பட்டிருத்தலின், அதன் உறுப்புக்களைத் தனித்தனியே காணலாம். அன்றியும், அவ்வணி மகளிர் அணியாதலின், பெண்களைப் பயிற்றுவிக்கும் பொறுப்பு யார் கையில் இருக்கின்றது என்னும் வினாவும் உடனெழுகின்றது. அவ்வினா எமக்கும் அந்நியமானதன்று.

அமெரிக்கர் உதைபந்தாட்டத்தைச் 'சொக்கர்' என்பர். 'ஃபுட்போல்' என்னும் பெயரை அவர்கள், பந்தைக் கையிற் கொண்டு ஓடும் வேறொரு முரட்டாட்டத்துக்குக் கொடுத்துவிட்டனர். அந்நாட்டுப் பல்கலைக்கழகங்களில் ஆடவர் விளையாட்டுக்கள் நெடுங்காலமாகப் பெரும் பணம் புழங்கும் துறையாய் இருந்தன. பெண்களுக்கோ மிச்சம் மீதியே கிடைத்தது. 1972ஆம் ஆண்டு யூன் 23ஆந் தேதி ஜனாதிபதி நிக்சன் ஒப்பமிட்ட கல்வித் திருத்தச் சட்டத்தின் ஒன்பதாம் பிரிவு, அரசாங்கப் பணம் பெறும் எந்தக் கல்வி நிலையமும் ஆண் பெண் என்னும் வேறுபாடு காட்டலாகாது என விதித்தது. அப்பிரிவின் வாசகத்திலே விளையாட்டு என்னுஞ் சொல்லே இல்லை. ஆயினும் அதன் பயன் விளையாட்டு மைதானங்களிலேயே மிகுதியுந் தெரிந்தது. மகளிர் அணிகள் ஊர்தோறும் தோன்றின.

சப்பல் ஹில்லிலும் தாமாகவே கூடி ஆடிவந்த மாணவியர் சிலர், தம்மைப் பல்கலைக்கழகத்தின் முறையான அணியாக ஏற்கவேண்டுமென விண்ணப்பித்தனர். விளையாட்டுப் பணிப்பாளராயிருந்த பில் கோபி என்பவர், ஆடவர் அணியின் பயிற்றுநரை அழைத்து, அம்மாணவியரின் ஆட்டத்தைப் பார்த்துவரும்படி பணித்தார். அப்பயிற்றுநரே அன்சன் டொறன்ஸ். இவர் 1951இல் எம் அயல்நாடாகிய பாரதத்தின் பம்பாய் நகரிற் பிறந்தவர். எண்ணெய்க் கம்பனி ஒன்றில் உத்தியோகம் வகித்த தந்தையாரோடு பல நாடுகளிற் சஞ்சரித்து வளர்ந்தவர். சப்பல் ஹில்லிலே மார்வின் அலன் என்னும் பயிற்றுநரின் கீழ் ஆடி, 1974இல் ஆங்கிலமும் மெய்யியலும் பயின்று பட்டம் பெற்றவர். பின்னர் சட்டம் பயிலப் புகுந்தவர், பயிற்றுவிக்கும் பணியில் ஈடுபட்டமையாற் சட்டக் கல்வியை இடையே கைவிட்டார். அப்புக்காத்து உத்தியோகத்தை விட்டு மைதானத்துக்குச் செல்லும் மைந்தனை எந்தத் தந்தைதான் மகிழ்ந்து வாழ்த்துவார்! அஃது எவ்வாறாயினும், 1979இல் மகளிர் அணி முறையாகத் தொடங்கியது. 1988 வரை ஆடவர் அணி, மகளிர் அணி இரண்டையும் அவரே நடத்தினார். அதன்பின் மகளிர் அணியோடு மட்டும் நின்றார்.

அவ்வணி ஈட்டிய வெற்றிகள் விளையாட்டு வரலாற்றில் அரிதாகவே காணக்கிடப்பன. மகளிர் விளையாட்டை அக்காலத்தில் நடத்திவந்த சங்கத்தின் சம்பியன் பட்டத்தை 1981இல் வென்றது. அடுத்த ஆண்டு தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கம் மகளிர் உதைபந்தாட்டப் போட்டியைத் தொடங்கியது. அதன் முதற் பட்டமும் இவ்வணிக்கே கிடைத்தது. 1986 தொடக்கம் 1994 வரை ஒன்பது ஆண்டுகள் இடைவிடாது பட்டம் வென்றது. 2012 வரை அச்சங்கத்தின் பட்டங்கள் 21 அவ்வணி வசமாயின. 1986 முதல் 1990 வரை 103 ஆட்டங்களில் தோல்வி என்பதையே அஃது அறியவில்லை. மியா ஹாம் என்னும் புகழ்பெற்ற வீராங்கனை சப்பல் ஹில்லில் ஆடிய 95 ஆட்டங்களில் அணி தோற்றது ஒன்றிலேதான். 1991இல் சீனாவில் நடைபெற்ற முதலாவது மகளிர் உலகக்கிண்ணப் போட்டியிலே, டொறன்ஸ் பயிற்றுவித்த அமெரிக்க அணி நோர்வேயை 2க்கு 1 என்னும் கணக்கில் வென்று கிண்ணம் பெற்றது. அவ்வணியின் 18 பேரில் ஒன்பதின்மர் சப்பல் ஹில்லில் ஆடியவர்கள்.

இத்துணையும் ஒருவர் செயலா? பத்திரிகைகள் அவ்வாறே எழுதின. தலைவர் ஒருவரைத் தேடிப் புகழை அவர் தலையிற் சூட்டுவது மக்களுக்கு எளிது. ஆயினும் நெருங்கி நோக்குமிடத்து, அங்கே ஒருவரின் பின்னாற் பலர் நின்றமை புலனாகும்.

முதலில் உதவிப் பயிற்றுநர். பில் பலடீனோ என்பவர் டொறன்சோடு ஒரே பல்கலைக்கழகத்தில் உதைபந்தாடிய நண்பர். மகளிர் அணியின் ஆரம்ப ஆண்டுகளிலேயே உதவிப் பயிற்றுநராகச் சேர்ந்தவர், 2019இல் ஓய்வுபெறும் வரை ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் அப்பணியிலேயே நிலைத்தார். தலைமைப் பயிற்றுநர் இடித்துரைப்பவர். பலடீனோவோ நகைச்சுவையும் நயமும் மிக்கவர். கடிந்துரைக்கப்பட்ட மாணவி யாரிடத்துச் சென்று மனம் ஆறுவாளோ அவரும் அணிக்கு இன்றியமையாதவரே. தந்தையின் கண்டிப்பும் மாமனின் அரவணைப்பும் ஒரு வீட்டில் அமைந்தாற் போன்றது இது. நாற்பது ஆண்டு இரண்டாம் இடத்திலிருந்து சலியாதவரை உலகம் எளிதில் நினைவுகூர்வதில்லை. எமது அபிப்பிராயத்தில், அவ்வணியின் வரலாற்றிலே வியக்கத்தக்க மனிதர் அவரே.

உதவிப் பயிற்றுநரின் வேலையிற் பெரும்பகுதி மைதானத்துக்கு வெளியே நடப்பது. எந்த ஊரில் எந்தப் பாடசாலையில் எந்தப் பெண் நன்றாக ஆடுகின்றாள் என்று தேடிச் சென்று பார்த்தல், அவளுடைய பெற்றோரோடு பேசுதல், புலமைப்பரிசில் வழங்க ஏற்பாடு செய்தல் என்பன அவற்றுட் சில. 2025 வரை ஓர் அணிக்கு 14 முழுப் புலமைப்பரிசில்களே அனுமதிக்கப்பட்டிருந்தன. அவற்றைத் துண்டு துண்டாகப் பகுத்து இருபத்தைந்து பேருக்கோ முப்பது பேருக்கோ வழங்குவது ஒரு கணக்கப்பிள்ளையின் வேலை. பத்து, பதினொரு வயதுப் பிள்ளைகள் போல் தோன்றும் சிறுமியரிடங் கூடப் பல்கலைக்கழகங்கள் வாக்குப் பெறத் தொடங்கியமையால், 2019இல் ஒரு விதி செய்தனர்: பத்தாம் வகுப்பை முடித்த ஆண்டின் யூன் 15க்கு முன்னர் பயிற்றுநர் எவரும் மாணவியோடு தொடர்பு கொள்ளலாகாது. பிள்ளைப் பருவத்தைப் பிள்ளைகளுக்கே விட்டுவைக்க ஒரு விதி வேண்டியதாயிற்று.

அடுத்து எதிரணியை ஆராய்தல். எதிரணி ஆடிய ஆட்டங்களின் ஒளிப்படச் சுருள்களைத் திரும்பத் திரும்பப் பார்த்து, அவர்கள் மூலை உதையின்போது எங்கே நிற்பர், இலவச உதையை யார் எடுப்பார், எவருடைய இடக்கால் வலுக்குறைந்தது என்று குறித்து வைப்பர். அமெரிக்கக் கல்லூரி ஆட்டத்திலே சில விதிகள் எம்மவர் அறிந்தவற்றின் வேறானவை. முதற் பாதியில் வெளியேற்றப்பட்ட வீராங்கனை அப்பாதியில் மீளலாகாது; இரண்டாம் பாதியில் வெளியேறியவர் ஒரு முறை மீண்டும் வரலாம். ஆதலின் யாரை எப்போது இருத்துவது, எப்போது இறக்குவது என்பது சதுரங்கம் போன்ற கணக்கு. நேரமும் அங்கே 45 நிமிடத்திலிருந்து கீழ்நோக்கிக் குறைந்துவரும். எஞ்சிய விநாடிகளை மைதானத்திலுள்ளோர் யாவரும் பலகையிற் காண்பர். மத்தியஸ்தரின் கைக்கடிகாரத்தை நம்பியிருக்கும் எமது வழக்கத்துக்கு இது மாறானது.

கோல் காப்பாளரைப் பயிற்றுவிப்பதற்கென்று தனியொருவர் இருப்பார். ஏனைய பதின்மரும் காலால் ஆட இவர் ஒருவரே கையால் ஆடுபவர். அணியினுள் இருந்தும் அணியினின்று வேறானவர். அவருடைய தவறு ஒன்று கோலாக முடியும். ஏனையோர் தவறுகள் மறக்கப்படும். ஆகவே உடற்பயிற்சியிலும் மனப்பயிற்சியே இங்கு மிகுதி. இப்பதவியைச் சிறிதென எண்ணுதல் தவறு. 1991இல் டொறன்சின் கீழ் அமெரிக்க அணியின் கோல் காப்பாளரைப் பயிற்றுவித்த ரோனி டிச்சிக்கோ, 1994இல் அவ்வணிக்கே தலைமைப் பயிற்றுநராகி, 1996இல் ஒலிம்பிக் தங்கப்பதக்கத்தையும் 1999இல் உலகக்கிண்ணத்தையும் வென்று கொடுத்தார்.

உடல்வலுப் பயிற்றுநர் ஒருவரும், காயங்களைப் பராமரிப்பவர் ஒருவரும் அணியோடு இணைந்திருப்பர். மகளிர் அணிக்கு இவ்விருவரும் எவ்வளவு தேவை என்பதை ஒரு செய்தி காட்டும். முழங்கால் மூட்டினுள்ளே தொடையெலும்பையும் கீழ்க்கால் எலும்பையும் பிணைத்து நிற்கும் நாரொன்று உண்டு. ஓடிவந்து சடுதியில் திரும்பும்போதும், குதித்து ஒற்றைக் காலில் ஊன்றும்போதும் அது அறுந்துபோகும். உதைபந்தாடும் பெண்களுக்கு இக்காயம் ஆண்களுக்கு நேர்வதினும் இரண்டு மூன்று மடங்கு மிகுதி என ஆய்வுகள் கூறுகின்றன. அறுந்தால் சத்திரசிகிச்சையும், ஒன்பது மாதமோ ஓராண்டோ ஓய்வும் வேண்டும். நான்கே ஆண்டுகள் ஆடும் மாணவிக்கு ஓராண்டு என்பது காற்பங்கு. இதனைத் தடுக்கும் உபாயமோ மிக எளிது. ஆட்டத்துக்கு முன் இருபது நிமிடம், குதித்து ஊன்றும் முறையையும் தொடைத் தசைகளின் வலுவையும் சமநிலையையும் பழக்கும் பயிற்சிகளை ஒழுங்காகச் செய்தல் வேண்டும். நோர்வேயிலே 13 முதல் 17 வயது வரையான சிறுமியரிடம் நடத்தி 2008இல் வெளியிட்ட ஆய்வொன்றில், இப்பயிற்சி செய்தோர்க்குக் கடுங்காயங்கள் ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தன. இதற்குப் பொறியும் வேண்டாம், பணமும் வேண்டாம். எமது பெண்கள் பாடசாலைகளில் உதைபந்தாட்டமோ வலைப்பந்தாட்டமோ பயிற்றுவிப்போர் இவ்விருபது நிமிடத்தை வீண் என எண்ணி விட்டுவிடலாகாது.

இனி, சப்பல் ஹில் அணிக்கே சிறப்பாக உரியதாய்க் கூறப்படும் ஏற்பாட்டுக்கு வருவோம். அதே பல்கலைக்கழகத்தின் கூடைப்பந்தாட்டப் பயிற்றுநர் டீன் ஸ்மித் பெரும் புகழ் படைத்தவர். அவருடைய பயிற்சியைப் பார்க்கச் சென்ற டொறன்ஸ், ஓரத்தில் நின்ற மாணவர் சிலர் ஒவ்வொரு வீரனும் எய்த பந்து, தவறவிட்ட பந்து யாவற்றையும் இடைவிடாது குறித்துக்கொண்டிருக்கக் கண்டார். அம்முறையைத் தம் அணிக்குக் கொணர்ந்து மேலும் விரித்தார். ஒருத்தியோடு ஒருத்தி மோதும் ஆட்டம், சிற்றணி ஆட்டம், தலையால் முட்டுதல், குறிபார்த்து உதைத்தல், விரைவோட்டம், நெடுநேரம் களையாது ஓடுதல் என இருபதுக்கு மேற்பட்ட இனங்களில் ஒவ்வொரு நாளும் ஒவ்வொருத்தியின் வெற்றி தோல்விகளும் எழுதப்பட்டு, முதலாமிடந் தொடக்கம் கடைசியிடம் வரை நிரல் செய்யப்பட்டு, யாவரும் காணும்படி ஒட்டப்பட்டன. கொதிக்கும் கொப்பரை என்னும் பொருளில் அதற்கொரு பெயருமிட்டனர். குறிப்பெடுப்போர் பெரும்பாலும் மாணாக்கரே. விளையாட்டணிப் படத்தில் அவர்களுக்கு இடமில்லை. எனினும் அவர்களின்றி அவ்வேற்பாடே இல்லை.

இதன் பயன் யாது? தோழியரோடு பயிற்சியாட்டம் ஆடும்போது முழுவலிமையோடு மோதப் பெண்கள் தயங்குகின்றனர். தோழியை வென்றால் தோழமை கெடுமென அஞ்சுகின்றனர் என்பது டொறன்சின் கருத்து. நிரலை ஒட்டிவிட்டால், வெல்ல முயல்வது தன்னலமன்று, அணியின் வழக்கம் என்று ஆகிவிடுகின்றது. ஒருத்தியை விலக்கி மற்றொருத்தியைச் சேர்க்கும்போதும், முகம் பார்த்துச் சேர்த்தார் என்னும் பேச்சுக்கு இடமில்லை. எமது கல்லூரிகளில் அணி தெரிவுசெய்யும் காலத்தெழும் முணுமுணுப்புக்களை நினைவுகூர்வோர் இதன் அருமையை உணர்வர். ஒரு கொப்பியும் ஒரு பென்சிலும் பொறுமையுள்ள மாணவன் ஒருவனும் இருந்தால் எந்த மைதானத்திலும் இதனைச் செய்யலாம். ஆனால் கடைசியிடத்தில் தன் பெயரை நாள்தோறும் காணும் பதினெட்டு வயதுப் பெண்ணின் நிலை யாதாகும் என்பதையும் சிந்தித்தல் வேண்டும். பலடீனோ போன்றவர் ஒருவர் பக்கத்தில் இல்லாவிடத்து இக்கணக்கேடு கொடுங்கோலாகிவிடும் என்பது எமது துணிபு.

ஆடவரை ஆளுமையின் வலிமையாலும் மகளிரை அன்புறவாலும் நடத்தவேண்டும். பெண்களைப் பிறர் முன்னிலையிற் பாராட்டித் தனிமையிற் கண்டிக்கவேண்டும் என்பனவும் டொறன்ஸ் பலகால் எழுதியும் பேசியும் வந்த கொள்கைகள். இவற்றை அப்படியே விழுங்கிவிடுதல் நன்றன்று. தனிமையிற் கண்டிக்கப்படுவதை விரும்பாத ஆண்மகன் யார்? அன்றியும், அன்புறவு என்பதற்கும் ஓர் எல்லை உண்டு. அவ்வெல்லை எங்கே என்பதை அவ்வணியின் வரலாறே காட்டியது.

1998இல் முன்னாள் வீராங்கனையர் இருவர் டொறன்ஸ் மீதும் பல்கலைக்கழகத்தின் மீதும் வழக்குத் தொடர்ந்தனர். மாணவியரின் அந்தரங்க வாழ்வு பற்றித் தகாத பேச்சுக்கள் அவர் முன்னிலையிலும் அவர் பங்குபற்றவும் நிகழ்ந்தன என்பது முறைப்பாட்டின் சாரம். டொறன்ஸ் தாம் எவரையும் துன்புறுத்தவில்லை என மறுத்தார். ஒருவருடைய வழக்கு 2004இல் இணக்கமாய்த் தீர்ந்தது. மற்றவருடையது கீழ்நீதிமன்றிலே தள்ளப்பட்டு, 2007இல் மேன்முறையீட்டு நீதிமன்றின் முழு ஆயத்தால் விசாரணைக்கு உரியதென மீட்கப்பட்டு, 2008இல் இணக்கத்தில் முடிந்தது. பல்கலைக்கழகத் தரப்பு 385,000 டொலர் செலுத்த உடன்பட்டது. அத்தகைய பேச்சிற் கலந்தமை பொருத்தமற்றதென ஒப்புக்கொண்டு டொறன்ஸ் மன்னிப்புக் கோரினார். பத்தாண்டுகள் நீண்ட வழக்கு அது. வெற்றிகளின் பட்டியலை எழுதுவோர் பலர் இதனை ஒரு வரியிற் கடந்துவிடுகின்றனர். நாம் அவ்வாறு கடக்க விரும்பவில்லை. யாரை ஆட்டத்திற் சேர்ப்பது, யாருக்குப் புலமைப்பரிசில் கொடுப்பது, யாரைத் தேசிய அணிக்கு அழைப்பது என்னும் மூன்று அதிகாரங்களும் ஒருவர் கையில் இருந்த காலத்திலே, அவர் விளையாட்டாகக் கேட்கும் கேள்விக்கு விடை கூற மறுக்கும் துணிவு எத்தனை பெண்களுக்கு இருந்திருக்கும்?

அதிகாரத்தைப் பகுத்து வைப்பதற்கும் விதிகளால் வரம்பு கட்டுவதற்கும் காரணம் இங்கேதான் உள்ளது. ஆட்டப் பருவத்தில் ஒரு மாணவியை நாளொன்றுக்கு நான்கு மணியும் வாரத்துக்கு இருபது மணியுமே பயிற்சிக்கு அழைக்கலாம். வாரத்தில் ஒரு நாள் ஓய்வு தருதல் வேண்டும். பயிற்றுநரின் தொகைக்கும் வரம்புண்டு. 2023ஆம் ஆண்டு நடுப்பகுதி வரை, ஊதியம் பெறும் பயிற்றுநர் மூவரே ஓர் அணிக்கு அனுமதிக்கப்பட்டனர். நான்காமவர் ஊதியமின்றித் தொண்டராக உழைக்கவேண்டியிருந்தது. 1999 உலகக்கிண்ண இறுதியாட்டத்திலே வெற்றி உதையை உதைத்த பிறண்டி சஸ்ரெயினும், சந்தா கிளாரா பல்கலைக்கழகத்திலே தம் கணவர் ஜெறி ஸ்மித்தின் அணிக்கு அவ்வாறே ஊதியமற்ற உதவிப் பயிற்றுநராக இருந்தவர். 2023 யூலை முதலாந் தேதியோடு அத்தொண்டர் பதவி ஒழிக்கப்பட்டு, நான்காமவரும் ஊதியம் பெற வழி பிறந்தது.

பயிற்றுவிப்பது ஒருவர் பணியன்று என்று மேலே கூறினோம். அதனை 2024ஆம் ஆண்டு தெளிவாகக் காட்டிற்று. அவ்வாண்டு ஓகஸ்ட் மாதத்தில், ஆட்டப் பருவம் தொடங்குவதற்குச் சில நாட்களே இருக்கையில், டொறன்ஸ் ஓய்வுபெற்றார். மகளிர் அணியோடு மட்டும் 900க்கு மேற்பட்ட வெற்றிகள் கண்ட மனிதர். மைதானமே 2019 முதல் அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றது. அவர் நீங்கினால் அணி சிதறிவிடும் என எண்ணியோர் இருந்திருப்பர். உதவிப் பயிற்றுநராய்ப் பல ஆண்டு பணியாற்றிய டேமன் நஹாஸ் தற்காலிகத் தலைவராகப் பொறுப்பேற்றார். டிசெம்பர் 9ஆந் தேதி கேரி என்னும் நகரில் நடந்த இறுதியாட்டத்திலே வேக் ஃபொறஸ்ற் பல்கலைக்கழகத்தை 1க்கு 0 என வென்று, அணி 2012இன் பின் முதன்முறையாகப் பட்டம் பெற்றது. பின்னர் நஹாசின் பதவியும் நிரந்தரமாயிற்று. தெரிந்தெடுத்தவர், கணக்கெழுதியவர், காயம் பார்த்தவர், எதிரணியை ஆராய்ந்தவர் யாவரும் இருந்த இடத்தில் இருந்தமையால், தலை மாறியும் உடல் தளரவில்லை.

எஞ்சியிருப்பது நாம் தொடக்கத்திற் கூறிய வினா. இதுகாறும் கூறிய பெயர்களைத் திரும்ப நோக்குக: டொறன்ஸ், பலடீனோ, டிச்சிக்கோ, ஜெறி ஸ்மித், நஹாஸ். யாவரும் ஆடவர். இது நாம் தெரிந்தெடுத்துக் கூறியமையால் நேர்ந்ததன்று. 1972இன் முன்னர் அமெரிக்கக் கல்லூரிகளில் மகளிர் அணிகளைப் பயிற்றுவித்தோருள் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேற் பெண்களாயிருந்தனர். 2014இல் எடுத்த கணக்கிலே அத்தொகை நூற்றுக்கு 43 ஆகக் குறைந்திருந்தது. பெண்களுக்கு நீதி செய்யவந்த சட்டமே இவ்விளைவையுந் தந்தது. முன்னர் அப்பணி உடற்பயிற்சி ஆசிரியைகள் ஊதியமின்றியோ சிறு ஊதியத்துக்கோ செய்துவந்தது. சட்டத்தின் பின் அதற்கு நல்ல சம்பளம் வந்தது. சம்பளம் வரவே ஆடவர் விண்ணப்பித்தனர். பெண்களுக்கென இருந்த தனித் திணைக்களங்கள் ஆடவர் திணைக்களங்களோடு இணைக்கப்பட்டமையால், நியமனம் செய்வோரும் ஆடவராயினர். அவர்கள் தமக்குப் பழக்கமானோரையே நியமித்தனர்.

உதைபந்தாட்டத்தில் இது மேலுந் தெளிவு. 1982 முதல் 2024 வரை நடந்த 43 முதற்பிரிவு மகளிர் சம்பியன் போட்டிகளில், பெண் ஒருவர் தலைமைப் பயிற்றுநராயிருந்த அணி வென்றது நான்கு முறைதான். 1998இல் பெக்கி பேர்லியின் புளோரிடா அணி, சப்பல் ஹில்லை 1க்கு 0 என வென்றது. அவ்வணியை அவர் 1995இல் ஒன்றுமில்லாதிருந்த நிலையிலிருந்து தொடங்கியவர். 2013இல் அமண்டா குறொம்வெல்லின் யூ.சி.எல்.ஏ. அணியும், 2015இல் எறிக்கா டம்பாக்கின் பென் ஸ்ரேற் அணியும் வென்றன. நான்காவதைப் பின்னர்க் கூறுவோம்.

பெண்களிடம் திறமை இல்லாமையால் இவ்வாறாயிற்று என்பார் கூற்று நில்லாது. சப்பல் ஹில்லில் ஆடிய ஏப்பிறில் ஹைன்றிக்ஸ், 1991இல் உலகக்கிண்ண அணியின் தலைவி. அவரே அமெரிக்க அணியின் தலைமைப் பயிற்றுநராக 2004இல் ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் தங்கம் வென்றார். அதே பல்கலைக்கழகத்து மாணவி லோறன் கிறெக், 1991இல் அமெரிக்க அணியின் உதவிப் பயிற்றுநர். அங்கு ஆடிய வேறு பலரும் பிற பல்கலைக்கழகங்களில் அணிகளை நடத்தினர். தடை இருப்பது வாயிலில். தலைமைப் பதவிக்குச் செல்லும் படி உதவிப் பயிற்றுநர் பதவி. அப்படியிற் கால்வைக்க இடம் கிடைத்த பெண்ணே மேலேற இயலும். உதவிப் பயிற்றுநரின் நாட்கள் ஊர் சுற்றலிலும் இரவு ஆராய்ச்சியிலும் கழிவன. கைக்குழந்தையுள்ள தாய்க்கு அவ்வாழ்வு எளிதன்று. ஊதியமற்ற தொண்டராகச் சில ஆண்டு காத்திருக்க வசதியுள்ளோர் எத்தனை பேர்? ஆகவே 2023இல் நான்காமவருக்குச் சம்பளம் வந்தமை சிறு செய்தியாகத் தோன்றினும் சிறிதன்று.

நான்காவது வெற்றி 2022ஆம் ஆண்டினது. சந்தா கிளாராவில் ஆடியவரும், ஸ்ரான்போட் பல்கலைக்கழகத்தில் பல ஆண்டு உதவிப் பயிற்றுநராயிருந்து இரு பட்டங்களிற் பங்குகொண்டவருமான மார்கறீற் அவோசாசா, யூ.சி.எல்.ஏ. அணியின் தலைமையை அவ்வாண்டிலேதான் ஏற்றிருந்தார். டிசெம்பர் 5ஆந் தேதி கேரி நகரில் இறுதியாட்டம். எதிரே டொறன்சின் சப்பல் ஹில் அணி. அது 2க்கு 0 என முன்னணியில் நின்றது. ஆட்டம் முடியப் பத்து நிமிடமளவிருக்கையில் யூ.சி.எல்.ஏ. ஒரு கோல் போட்டது. பின்னர், கீழ்நோக்கிக் குறைந்துவந்த மணிப்பலகை 16 விநாடி காட்டியபோது, மூலை உதையில் வந்த பந்தைத் தலையால் முட்டி றெயிலின் ரேணர் என்னும் மாணவி கணக்கைச் சமப்படுத்தினாள். மேலதிக நேரத்தின் இரண்டாம் பகுதியில் யூ.சி.எல்.ஏ. 3க்கு 2 என வென்றது. பொறுப்பேற்ற முதலாண்டிலேயே அவோசாசா அப்பட்டத்தை வென்றார்.